நாலு பெடல், ஒன்றரை அடிப் பலகை

பேஸ் கிட்டாருக்குப் பெடல்போர்டு (சத்தத்தை மாற்றும், காலால் மிதிக்கும் பெட்டிகளை அடுக்கிய பலகை) எதற்கு என்று கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை சவுண்ட்காரர்கள். ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டாரின் சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), ஒரு கேபிள், மிக்ஸரில் ஒரு சேனல், இதோடு பேஸ் வேலை முடிந்தது என்பார்கள். நடுவில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் இரைச்சல் உள்ளே வர இன்னொரு வாசல் திறந்துவிட்டதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும். இரண்டாவது வகை பேஸ் வாசிப்பவர்களேதான். ஒரு மல்டி எஃபெக்ட் வாங்கினால் சுருதி பார்க்கும் டியூனர், சத்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரஸர், கீழ் ஸ்வரம் சேர்க்கும் ஆக்டேவ், கரகரப்பைக் கூட்டும் டிரைவ் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகிறது, நாலு பெட்டிகளை ஒட்டிக்கொண்டு ஏன் அலைய வேண்டும் என்பது இவர்கள் கட்சி. இரண்டு பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே நிகழ்ச்சியில் பத்துப் பன்னிரண்டு வகைச் சத்தம் மாற்ற வேண்டியவர் மல்டி எஃபெக்ட் வாங்குவதுதான் சரி. இந்தக் கட்டுரை அவருக்கானது இல்லை.

ஆனால் பெரும்பாலான பேஸ் வாசிப்பாளர்களுக்கு வேண்டியது மூன்று சத்தம்தான்: எப்போதும் இருக்கிற சுத்தமான சத்தம், சில இடங்களில் கொஞ்சம் கரகரப்பு, எப்போதாவது ஓர் ஆக்டேவ். இதற்கு மெனுவுக்குள் நுழைந்து பேட்ச் தேடத் தேவையில்லை. ஹாலுக்கு ஹால் மாறும் அடிச்சத்தத்தைக் குனிந்து ஒரு குமிழைத் திருப்பிச் சரிசெய்ய முடிய வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பலகையைச் சிறிதாகக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் பிடித்த பெடல்களை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அவற்றை எதில் அடுக்குவது என்று யோசிக்கிறார்கள். கிட்டாருக்கு அது ஓரளவு சரிப்படும். பேஸுக்கு, என் கணிப்பில், தலைகீழாகப் போக வேண்டும். மிக்ஸருக்குப் போகிற கம்பியில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

கடைசிப் பெட்டிதான் முதல் பெட்டி

நம் லைட் மியூசிக் மேடையாகட்டும், சர்ச்சாகட்டும், பேஸ் ஆம்ப் இருந்தாலும் அது வாசிப்பவரின் காதுக்குத்தான். கூட்டம் கேட்பது டிஐ வழியாக மிக்ஸருக்குப் போன சத்தத்தை. ஆகவே பலகையின் கடைசியில் எக்ஸ்எல்ஆர் அவுட் (மைக் கம்பி மாட்டும் மூன்று பின் வெளியீடு) உள்ள, சத்தத்தைத் திருத்தவும் வசதியுள்ள ஒரு ப்ரீஆம்ப் டிஐ இருந்தால், அதுதான் உங்கள் ஆம்ப். டெக் 21 நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ இந்த வகைக்கே அச்சு மாதிரி ஆகிவிட்டது. அதைப் பற்றி நெடுநாளாக இருந்த ஒரு குறை, தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும் என்பது. காரணம், நடு அதிர்வுகள் அதில் இயல்பாகவே குழிந்திருந்தன, அதை நிமிர்த்த குமிழும் இல்லை. 2016-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிட் குமிழ் ஒன்றைச் சேர்த்து, அது 500 ஹெர்ட்ஸில் வேலை செய்ய வேண்டுமா 1000-த்திலா என்று தேர்ந்தெடுக்க ஒரு பொத்தானும், பேஸ் குமிழை 40-க்கும் 80-க்கும் மாற்ற இன்னொன்றும் வைத்தார்கள். எந்த நிறுவனத்தின் பெட்டியை வாங்கினாலும் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டு மிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூட்டத்தில் பேஸைக் கேட்க வைப்பது பேஸ் குமிழ் இல்லை, 500-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி.

மிட் தவிர இன்னும் சில. எர்த் இணைப்பால் வரும் இரைச்சலை நிறுத்தும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் கட்டாயம் வேண்டும். சுத்தமான சத்தத்தையும் பதப்படுத்திய சத்தத்தையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் வேண்டும், ஏன் என்று பின்னால் வருகிறது. எக்ஸ்எல்ஆர் சத்தத்தின் அளவைக் குறைக்க ஒரு பேட் இருந்தால் மிக்ஸரின் மைக் உள்ளீடு திணறாது. கடைசியாக, பாண்டம் மின்சாரத்தை (கண்டென்சர் மைக்குக்காக மிக்ஸர் மைக் கம்பி வழியே அனுப்பும் மின்சாரம்) தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். மிக்ஸரிலிருந்து 48 வோல்ட், 6.8 கிலோ ஓம் மின்தடைகள் வழியாக, எக்ஸ்எல்ஆரின் இரண்டாம், மூன்றாம் பின்களில், சத்தம் போகும் திசைக்கு எதிராக உங்கள் பெட்டிக்கு வரும். டிரான்ஸ்ஃபார்மரோ, தடுக்கும் கப்பாசிட்டரோ இல்லாத வெளியீடாக இருந்தால் அந்த மின்னழுத்தம் நேராக உள்ளே போய் ஐசியைப் பதம்பார்க்கும். பல மிக்ஸர்களில் பாண்டம் பொத்தான் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒன்றுதான். பாட்டுக்காரரின் கண்டென்சர் மைக்குக்காகப் போட்டது உங்களுக்கும் வந்துவிடும்.

வரிசை

கடைசிப் பெட்டி முடிவானால், அதற்கு முன்னால் மூன்றுதான்: டியூனர், ஆக்டேவ், கம்ப்ரஸர். டிரைவ் டிஐ பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பேஸிலிருந்து வரும் கம்பி முதலில் டியூனருக்கு. பாட்டுக்கு நடுவே சத்தத்தை அடக்குவது அதன் பாதி வேலை என்பதால் ஹெட்ஸ்டாக்கில் மாட்டும் கிளிப் டியூனர் அதற்கு ஈடாகாது. இன்னொரு பயனும் உண்டு. ஆக்டிவ் சர்க்யூட் இல்லாத பேஸாக இருந்தால், பிக்கப்புக்கும் முதல் பெடலுக்கும் நடுவே உள்ள கேபிளின் கப்பாசிட்டன்ஸ் உயர் அதிர்வுகளைத் தின்னும். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டருக்கு 600. எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக (அணைத்ததும் உள்ளீட்டை நேராக வெளியீட்டோடு இணைப்பவையாக) இருந்தால் அவற்றின் இடைக்கம்பிகளும், பலகையிலிருந்து ஆம்புக்குப் போகிற கம்பியும் இதோடு கூடும். முதல் பெடலில் பஃபர் (கேபிளின் பாதிப்பு பின்னால் தொடராமல் தடுக்கும் சிறு சர்க்யூட்) இருந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ஆக்டேவ் இரண்டாவது. பாஸ் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ஓசி-2 வழியில் வந்த அனலாக் ஆக்டேவ்கள் எல்லாம் வரும் அலையின் அதிர்வெண்ணைப் பாதியாக வகுத்துத்தான் கீழ் ஸ்வரத்தை உண்டாக்குகின்றன. அலை சுத்தமாகவும், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரமாகவும் இருந்தால்தான் வகுத்தல் சரியாக நடக்கும். இரண்டு தந்தி சேர்ந்து ஒலித்தால் தடுமாறும், டிரைவுக்குப் பின்னால் வைத்தால் இன்னும் மோசம். இதில் பலரும் யோசிக்காத ஒன்று, எந்த ஸ்வரத்துக்கு மேல் இதைப் பயன்படுத்துவது என்பது. திறந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ். அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே 20.6. வாடகைக்கு வரும் சப்வூஃபர் எதுவும் அதை உருப்படியாகக் கொடுக்காது. கோன் மட்டும் முன்னும் பின்னும் அலையும், ஆம்பின் சக்தி வீணாகும், மற்ற சத்தமெல்லாம் மங்கும். ஏ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் உள்ள டி 73.4 ஹெர்ட்ஸ், அதன் ஆக்டேவ் 36.7. அங்கிருந்து மேலே வாசித்தால் ஆக்டேவ் காதுக்குக் கேட்கும், ஸ்வரத்தைப் பின்தொடரும் டிராக்கிங்கும் உறுதியாக நிற்கும். அதற்குக் கீழே போகிற பழக்கம் உள்ளவர்கள் 30-35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் வைத்துக்கொள்வது நல்லது. மிக்ஸரிலேயே போடச் சொல்லலாம்தான், ஆனால் அங்கே நிலையான லோகட் பெரும்பாலும் 75-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதை அழுத்திவிட்டால் பேஸே காலி.

கம்ப்ரஸர் மூன்றாவது. ஆக்டேவ் அதிகப்படுத்தும் அளவையும் சேர்த்து அது சமன்செய்யும். எம்எக்ஸ்ஆரின் எம்87 போல, எவ்வளவு அடக்குகிறது என்பதை எல்இடி வரிசையில் காட்டும் கம்ப்ரஸர் கிடைத்தால் அதையே எடுங்கள். காதால் மட்டும் கம்ப்ரஷனை அளப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். 4:1 விகிதத்தில், பலமாகத் தட்டும்போது 4-லிருந்து 6 டெசிபல் வரை அடக்கினால் போதும். அட்டாக்கை, அதாவது அடக்கத் தொடங்கும் நேரத்தை, மிக வேகமாக வைத்தால் விரல் தந்தியில் படும் சத்தம் நசுங்கி, வாசிப்புக்கு விளிம்பே இல்லாமல் போய்விடும். அடக்கியதை விடும் நேரமான ரிலீஸில் பேஸுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. திறந்த ஈ தந்தியின் ஓர் அலை முழுதாக முடிய 24 மில்லி செகண்ட் ஆகும், ஐந்து தந்தி பேஸின் பி தந்திக்கு 32. ரிலீஸ் இதைவிட வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் ஒரே அலைக்குள்ளேயே அடக்கி, விட்டு, மறுபடி அடக்கும். அலையின் வடிவமே மாறி, கீழ் ஸ்வரங்களில் மட்டும் ஒரு கரகரப்பு கேட்கும். பேஸில் ஏதோ கோளாறு, பேட்டரி இறங்கிவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ரிலீஸ் குமிழை மெதுவான பக்கம் திருப்பினால் போய்விடும்.

டிரைவ் போட்டதும் பேஸ் எங்கே?

கிட்டாருக்கான ஓவர்டிரைவ் ஒன்று கையில் இருக்கிறது, அதையே பேஸுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று நினைப்பது இயல்பு. மிதித்ததும் சத்தம் மேலே ஏறிக் கீழே வெறுமையாகிவிடும். பெடல் அடிச்சத்தத்தை வெட்டிவிட்டது என்பார்கள். டியூப் ஸ்க்ரீமர் என்ற பிரபல கிட்டார் ஓவர்டிரைவின் சர்க்யூட்டை எடுத்துப் பார்த்தால் நடப்பது கொஞ்சம் வேறு. அதன் கிளிப்பிங் (அலையின் உச்சியை நறுக்கிக் கரகரப்பாக்கும்) பகுதியில் 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லை போடுகின்றன. அதற்கு மேலே உள்ளவை டிரைவ் குமிழின் அளவுக்கு, அதிகபட்சம் நூறு மடங்குக்கும் மேல், பெருகும். கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்து, ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் வரும்போது அதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். வெட்டப்படவில்லை, அதிகம் பெருகாமல் கடந்துபோகிறது. ஆனால் நடு அதிர்வுகள் அத்தனை பெருகியதால் மொத்தச் சத்தம் ஏறிவிட, நாம் குனிந்து லெவல் குமிழைக் குறைக்கிறோம். அந்தக் குமிழ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் குறைக்கும். அடிச்சத்தம் காணாமல் போவது அந்த இடத்தில்.

அப்படியானால் கப்பாசிட்டரை மாற்றிவிட்டால்? 0.047-க்குப் பதில் 1 மைக்ரோஃபாரட் வைத்தால் எல்லை 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சால்டரிங் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. சத்தமும் பெரிதாக வரும். ஆனால் இப்போது அடி அதிர்வுகளும் கிளிப் ஆகின்றன. பேஸ் தந்தியில் அதிக சக்தி அங்கேதான் இருப்பதால், டயோடுகளை அது முழுக்கப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள சத்தத்தையெல்லாம் தன் தாளத்துக்கு ஆட்டிவைக்கும். தனி ஸ்வரம் சொத்சொத்தென்று விழும். எல்லையை நடுவில் எங்காவது, 150 ஹெர்ட்ஸ் அளவில், நிறுத்தலாம். 0.22 மைக்ரோஃபாரட் அதைக் கொடுக்கும். ஓரளவு தேறும்.

இதைவிட நேரான வழி, சுத்தமான சத்தத்தை டிரைவுக்குள் விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய்க் கடைசியில் சேர்ப்பது. பிளெண்ட் குமிழ் செய்வது அதைத்தான். அடித்தளம் சுத்தப் பாதையில் வருகிறது, டிரைவ் பாதை மேலே ஒரு கரகரப்பை மட்டும் பூசுகிறது. டிரைவ் பாதையில் அடிச்சத்தம் இல்லாமல் இருப்பது இப்போது நல்லதாகிவிடுகிறது. பிளெண்ட் உள்ள ப்ரீஆம்ப் டிஐ வாங்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். தனி பிளெண்டர் பெட்டி வாங்கி, அதன் லூப்பில் கிட்டார் பெடலை மாட்டினாலும் இதே பலன், ஆனால் பலகையில் ஒரு பெட்டியும் இரண்டு கம்பிகளும் கூடும்.

தனி பிளெண்டர் வைப்பவர்கள் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். சில பெடல்கள் அலையைத் தலைகீழாகத் திருப்பி வெளியே அனுப்பும். தனியாகக் கேட்டால் தெரியாது. சுத்தச் சத்தத்தோடு கலக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். டிரைவ் குமிழை முழுக்கக் குறைத்து, இரண்டு பாதையின் அளவையும் சமமாக்கி, திறந்த ஈ தந்தியைத் தட்டிவிட்டு, பிளெண்ட் குமிழை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வரும்போது சத்தம் பருக்க வேண்டும், குறைந்தபட்சம் அதே அளவில் நிற்க வேண்டும். நடுவில் போய் மெலிந்தால் அலை திரும்பியிருக்கிறது. சில பிளெண்டர்களில் ஃபேஸ் பொத்தான் இருக்கும், அழுத்தினால் தீர்ந்தது. இல்லாவிட்டால் வேறு டிரைவ்தான் பார்க்க வேண்டும். டோன் குமிழைத் திருப்பித் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

மில்லிமீட்டர் கணக்கு

சிறிய பலகை என்றதும் எல்லோரும் பார்ப்பது பெடல்ட்ரெய்ன் நானோ. 14 அங்குல நீளம், 5.5 அங்குல அகலம். மில்லிமீட்டரில் 356-க்கு 140. நம் நாலு பெட்டிகளையும் இதில் வைத்துப் பார்ப்போம். மினி டியூனர் 45, பாஸ் வகை ஆக்டேவ் 73, எம்எக்ஸ்ஆர் அளவுக் கம்ப்ரஸர் 60, ப்ரீஆம்ப் டிஐ 120. மொத்தம் 298. இன்னும் 58 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறதே, ஃபஸ் (இன்னும் தடித்த கரகரப்பு தரும் பெடல்) ஒன்றும் வைக்கலாமா என்று மனம் கணக்குப் போடும் இடம் இது. கம்பியை மாட்டும்போதுதான் உண்மை தெரியும்.

பெடல்களின் ஜாக்குகள் பக்கவாட்டில் இருந்தால், தட்டையான பான்கேக் பிளக் மாட்டினாலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். எதிரெதிரே இரண்டு, ஆக ஓர் இடைவெளிக்கு 28. நாலு பெட்டிக்கு மூன்று இடைவெளி, 84. கூட்டினால் 382. நானோவைத் தாண்டி 26 மில்லிமீட்டர் போய்விட்டது. இத்தனைக்கும் பேஸிலிருந்து வரும் கம்பியின் பிளக்கை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. பலகையின் அளவைப் பெடல்கள் தீர்மானிப்பதில்லை, அவற்றின் நடுவே இருக்கிற பிளக்குகள் தீர்மானிக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகு பெடல் வாங்கும் முறையே மாறிவிடும். மேல் விளிம்பில் ஜாக் உள்ள பெடல்களாகத் தேடினால் இடைவெளி 5 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். ஆனால் அப்போது நீளத்தில் மிச்சப்படுத்தியது அகலத்தில் செலவாகும். 112 மில்லிமீட்டர் உயரப் பெட்டிக்கு மேலே 25 மில்லிமீட்டர் பிளக் நின்றால் 137. நானோவின் 140-க்குள் மயிரிழையில் அடங்கும். பாஸ் பெட்டி 129 மில்லிமீட்டர், ஜாக்கும் பக்கவாட்டில்தான்.

இங்கே வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது, காலின் கணக்கு. 60 மில்லிமீட்டர் பெட்டிகளை ஒட்டி ஒட்டி வைத்தால் மிதிக்கும் பொத்தான்களுக்கு நடுவே 65 மில்லிமீட்டர்தான் இருக்கும். சாதாரண ஷூவின் முன்பக்கம் அதைவிட அகலம். இருட்டு மேடையில் ஒன்றை மிதித்தால் இரண்டு இயங்கும். மினி பெடல்களை வரிசையாக அடுக்கிச் சின்னப் பலகை கட்டியவர்கள் கொஞ்ச நாளில் அதைக் கலைத்துவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், சத்தம் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எந்தப் பெடல் சிறியது என்பதல்ல, எந்தப் பெடலைப் பாட்டுக்கு நடுவே மிதிப்போம் என்பது. ஆக்டேவையும் டிரைவையும் மிதிப்போம். கம்ப்ரஸரை நிகழ்ச்சி தொடங்கும்போது போட்டால் முடியும்போதுதான் அணைப்போம். டியூனரைப் பாட்டு முடிந்த பிறகு நிதானமாக மிதிக்கலாம். நாம் முன்பே முடிவுசெய்த வரிசையில் கம்ப்ரஸர் ஆக்டேவுக்கும் டிரைவுக்கும் நடுவே இருக்கிறது. மிதிக்காத பெட்டி மிதிக்கும் இரண்டு பெட்டிகளையும் தள்ளி வைத்துவிடுகிறது. கம்பியின் வரிசையும் காலின் வசதியும் ஒத்துப்போவது அபூர்வம், இங்கே ஒத்துப்போகிறது.

மிதிக்காததைச் சிறிதாக்கலாம் என்று கம்ப்ரஸரை 39 மில்லிமீட்டர் மினி பெட்டிக்கு மாற்றினால் 21 மிச்சம், 361. இன்னும் 5 மில்லிமீட்டர் உதைக்கிறது. ஜாக்குகள் மேலும் கீழுமாக விலகியிருக்கும் மாடலாகப் பார்த்து அந்த 5-ஐயும் பிடித்துவிடலாம். இப்படிப் பிடிவாதமாக அடைத்த பலகையில் எந்தப் பிளக்கும் அசைய இடமிருக்காது, ஒரு பெடலை மாற்ற நினைத்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். என் யோசனை, இந்த இடத்தில் 14 அங்குல ஆசையை விட்டுவிட்டு 18 அங்குலத்துக்குப் போவது. 457 மில்லிமீட்டர். மினி கம்ப்ரஸர் எதையும் தேடாமல், 382 போக 75 மிச்சம், இரண்டு முனையிலும் பிளக் பலகைக்கு உள்ளேயே அடங்கும். நானோ பிளஸ் இந்த நீளம்தான், ஆனால் அகலம் 5 அங்குலம், அதாவது 127. பாஸ் பெட்டி 2 மில்லிமீட்டர் வெளியே நீட்டும். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சொந்தமாகச் செய்வதானால் பார்ட்டிஷன் வேலைக்கு விற்கும் 50-க்கு 25 அலுமினிய பாக்ஸ் செக்‌ஷனில் 457 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டச் சொல்லுங்கள். அகலப் பக்கம் மேலே இருக்கும்படி, நடுவே 40 மில்லிமீட்டர் விட்டு வைத்தால் மொத்த அகலம் 140. இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆப்பு வடிவக் கால்கள், எம்4 திருகு. முன்பக்கம் தரையிலிருந்து 10, பின்பக்கம் 40 மில்லிமீட்டர் தூக்கி நின்றால் பின் துண்டின் அடியில் பவர் சப்ளை உட்காரும். வெட்டிய முனைகளை அரம் போட்டு மழுக்காமல் விட்டால் கம்பியின் தோலைச் சீவிவிடும். ஐக்கியாவின் கோர்ம் என்ற மர அலமாரித் தட்டில் பலகை கட்டுவது ஒரு காலத்தில் வெளிநாட்டில் பெரிய மோகமாக இருந்தது. அதன் சூட்சுமமும் நடுவே உள்ள அந்தச் சந்துதான்.

மின்சாரம்

பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ், 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர் பிளக். அனலாக் பெட்டிகள் பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும், டிஜிட்டல் பெட்டிகள் 100-லிருந்து 300 வரை போகும். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருப்பதைக் கூட்டி, ஒன்றரை மடங்கு கொள்ளளவில் சப்ளை வாங்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் டெய்சி செயின், எல்லாமே அனலாக்காக இருந்தால் பெரும்பாலும் தொல்லை தராது. அதில் ஒரு டிஜிட்டல் பெட்டி சேர்ந்ததும் அதன் கிளாக் சத்தம் மெல்லிய கீச்சாகக் கம்ப்ரஸர் வழியே வெளியே வரும். கம்ப்ரஸர் மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் காட்டுவதால் பழி அதன்மேல் விழும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த ஐசொலேட்டட் சப்ளைதான் முறையான தீர்வு. ஐந்து வெளியீடுகள் உள்ள ஸ்ட்ரைமன் ஓஹாய், அங்குல உயரமே உள்ள சியோக்ஸ் டிசி7 போன்றவை சின்னப் பலகைக்கென்றே செய்தவை.

இப்போது பவர் பேங்கில் பலகையை ஓட்டும் வழக்கம் பரவுகிறது. 200 மில்லி ஆம்பியர் பலகைக்கு 1.8 வாட் போதும், 10,000 எம்ஏஹெச் பேங்க் ஒரு நாள் கச்சேரியைத் தாராளமாகத் தாண்டும். இதில் இரண்டு பொறிகள். யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) வெளியீட்டிலிருந்து 9 வோல்ட் எடுக்கும் டிரிகர் கேபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு நடு முனை பாசிட்டிவ். அப்படியே மாட்டினால் பாதுகாப்பு டயோடு இல்லாத பெடல் அந்த நொடியே போய்விடும். மல்டிமீட்டரில் பார்க்காமல் மாட்டாதீர்கள், திருப்பிக் கொடுக்கும் அடாப்டர் துண்டு தனியாகக் கிடைக்கிறது. இரண்டாவது, இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் பேங்க் ஏதும் மாட்டியில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். வாங்குவதற்கு முன் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

இரைச்சல் வந்தால் அதன் சுருதியைக் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ். ஆக, நம் ஊர் ஹம் எப்போதும் ஜி-யைவிடச் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். அந்த ஸ்வரத்தை வாசித்தால் ஹம்மோடு சேர்ந்து மெதுவாக அலையடிக்கும். ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக்குகளிலிருந்து எர்த் எடுக்கும்போது டிஐ கம்பி வழியாக வளையம் உண்டாகி இது வரும். கிரவுண்ட் லிஃப்டை அழுத்தினால் எக்ஸ்எல்ஆரின் முதல் பின் துண்டிக்கப்பட்டு வளையம் அறுந்துவிடும். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டோ, டேப் சுற்றியோ இதைச் செய்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆம்பில் கோளாறு வந்தால் 230 வோல்ட் தந்தி வழியாக விரலுக்கு வரும், மைக்கைத் தொடுகிற உதட்டுக்கும் போகும். அதை யாரும் செய்யவிடாதீர்கள். இன்னொரு வகை, 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சேர்ந்த கரகரப்பு. தந்தியைத் தொட்டதும் அடங்கினால் பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு முள் அடாப்டரின் கசிவும், பேஸின் உள்ளே போதாத ஷீல்டிங்கும் சேர்ந்த வேலை. கிரவுண்ட் லிஃப்ட் அழுத்திய பிறகு அது கூடினால் பலகைக்கு வேறு எர்த்தே இல்லை என்று பொருள். பொத்தானைப் பழையபடி விட்டுவிடுங்கள்.

கம்பியும் ஒட்டுவதும்

இடைக்கம்பிகளை ரெடிமேடாக வாங்கினால் 10 செ.மீ., 18 செ.மீ. என்று கிடைக்கிற நீளத்துக்கு வளைக்க வேண்டியிருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிளக்கும் மெல்லிய ஷீல்டட் கம்பியும் வாங்கிச் சால்டர் செய்தால் நீளம் நம் கையில். முதலில் பெடல்களை ஒட்டாமல் அடுக்கி, நூல் வைத்து அளந்து, இரண்டு செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். சில கிட்டார் கேபிள்களில் வெளிப்பின்னலுக்கும் உள் இன்சுலேஷனுக்கும் நடுவே கருப்பாக ஒரு மெல்லிய தோல் இருக்கும். பார்க்க இன்சுலேஷன் மாதிரியே இருக்கும், ஆனால் கரி கலந்தது, மின்சாரம் கடத்தும். அதை நாலைந்து மில்லிமீட்டர் பின்னுக்கு உரித்து எடுக்காவிட்டால் நடு முனையைத் தொட்டுக்கொண்டு சத்தம் மங்கும், மல்டிமீட்டர் பீப் கூட அடிக்காது. அயர்னை மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் உள் இன்சுலேஷன் உருகி நேரடி ஷார்ட். பான்கேக் பிளக்கின் மூடி பின்னலை நசுக்கி நடு முனையோடு சேர்ப்பதும் உண்டு. மூடியைத் திருகிய பிறகு கம்பியை ஆட்டிக்கொண்டே சோதியுங்கள்.

வெல்க்ரோவில் சொரசொரப்பான பக்கம் பெடலின் அடியில், மெத்தென்ற பக்கம் பலகையில். எல்லோரும் இப்படி ஒட்டினால் இன்னொருவர் பெடலைக் கடன் வாங்கும்போது பொருந்தும். ரப்பர் அடியை எடுத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். நம் வெயிலில் காருக்குள் வைத்தால் மலிவான வெல்க்ரோவின் பசை இளகி, பெடல் பசையோடு வழுக்கிப் போகும். 3எம் டூயல் லாக் அப்படி இளகாது, ஆனால் பெடலைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்ப வேண்டியிருக்கும். அடிக்கடி மாற்றாத டிஐ பெட்டிக்கு மட்டும் அதைப் போடலாம்.

எல்லாம் மாட்டியானதும் ஒவ்வொரு பெடலையும் போட்டும் அணைத்தும் சத்தம் ஒரே அளவில் நிற்கும்படி லெவல் குமிழ்களை வைத்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டிரைவ் மட்டும் ஒன்றிரண்டு டெசிபல் கூடலாம். அதற்கு மேல் ஏற்றினால் சவுண்ட்காரர் ஃபேடரை இறக்குவார், டிரைவை அணைத்த பிறகு திரும்ப ஏற்ற மறந்துவிடுவார்.

டிஐ பெட்டியை ஒட்டும்போது அதன் இன்புட் ஜாக் கைக்கு எட்டும்படி பாருங்கள். பாட்டுக்கு நடுவே பலகையில் எங்கோ சத்தம் நின்றால், எந்தக் கம்பி என்று தேட நேரமிருக்காது. டியூனரிலிருந்து பேஸ் கம்பியைப் பிடுங்கி நேராக டிஐ-யில் குத்த வேண்டும். அப்படிச் செய்ய, கம்பி டியூனர் முனையிலிருந்து மறு முனைக்குப் போகிற அரை மீட்டரும் கூடுதலாக இருக்க வேண்டும். போனது பவர் சப்ளையாக இருந்தால் டிஐ-யும் சேர்ந்து செத்திருக்கும். பாண்டம் மின்சாரத்திலேயே இயங்கும் பெட்டியாக வாங்கியிருந்தால், சவுண்ட்காரரைப் பார்த்து 48 வோல்ட் போடச் சொன்னால் போதும்.